கரைக்குத் தார் பூசாதீர்கள்!

சைக்கிள் கடைகளில் ‘கிராவல் பைக்’ என்று ஒரு அயிட்டம் விற்கிறார்கள். அகலமான டயர், வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக். விலை லட்ச ரூபாயைத் தாண்டியும் போகிறது. கார், லாரி தொந்தரவு இல்லாத மண் பாதையில், ஆற்றோரமாக, மர நிழலில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. விளம்பரத்தில் இதற்குச் ‘சாகசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே சாகசத்தை ஒரத்தநாடு பக்கத்துப் பதினொன்றாம் வகுப்புப் பெண் தினமும் இரண்டு வேளை செய்கிறாள். வண்டி, அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். முன்னால் கூடையில் புத்தகப் பை. பின்னால் கேரியரில் தங்கச்சி. அவளைக் கேட்டால் சாகசம் என்றெல்லாம் சொல்ல மாட்டாள். “ஸ்கூலுக்குப் போறேன் சார்” என்பாள்.

லட்ச ரூபாய் கொடுத்து நகரத்துக்காரர் தேடுகிற பாதை அவளுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. நம்முடைய கவலை அதைப் பிடுங்காமல் இருப்பது எப்படி என்பதாக இருக்க வேண்டும். நாமோ பிடுங்குவதற்கு டெண்டர் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

காவிரி டெல்டாவில் ‘கிராவல்’ என்ற வார்த்தைக்கு யாரும் அகராதி புரட்டுவதில்லை. செம்மண்ணும் சரளையும் கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் கிராவல் ரோடு. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் கரை போட்டவர்கள் கரையின் தலையில் இப்படி ஒரு பாதை வைத்தார்கள். சைக்கிளுக்காக அல்ல. கரை எங்கே இளகியிருக்கிறது, மதகு எங்கே ஒழுகுகிறது, எலி வளை எங்கே என்று லஸ்கரும் என்ஜினீயரும் போய்ப் பார்க்க. அரசாங்க பாஷையில் அதற்கு ‘ஆய்வுப் பாதை’. ஊர் பாஷையில் ‘ஆத்தங்கரை’. அவ்வளவுதான்.

இந்தக் கரையெல்லாம் சேர்ந்தால் எவ்வளவு நீளம் தெரியுமா? பி.காம் படித்தவனுக்கு எதையும் கூட்டிப் பெருக்கிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரே ஒரு கால்வாயை மட்டும் எடுத்துக்கொள்வோம். கல்லணைக் கால்வாய். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. கல்லணையில் கிளம்பி, தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று போய், புதுக்கோட்டை மாவட்டத்தின் வயல்கள் வரை தண்ணீர் கொடுக்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் ‘புது ஆறு’ என்றுதான் சொல்வார்கள். தொண்ணூறு வயது ஆன பிறகும் அது புது ஆறுதான்!

பிரதானக் கால்வாய் மட்டும் சுமார் 148 கிலோமீட்டர். கரை இரண்டு. இரண்டால் பெருக்கினால் 296. எல்லா இடத்திலும் இரண்டு பக்கமும் பாதை கிடையாது என்பது எனக்குத் தெரியும். பாதி போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமே சென்னையிலிருந்து விழுப்புரம் வரை போகிற தூரம். கிளை வாய்க்கால்களையும் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடத்தின் கரைகளையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நிலம் கையகப்படுத்த வேண்டாம். நஷ்ட ஈடு வேண்டாம். கோர்ட் கேஸ் கிடையாது. நிலம் அரசாங்கத்துடையது, மேடு ஏற்கெனவே போட்டாயிற்று, பல இடங்களில் நிழலுக்கு மரம்கூட இருக்கிறது. பாலன்ஸ் ஷீட்டில் இப்படி ஒரு சொத்து இருந்தால் எந்தக் கம்பெனியும் அதைத் தூசு தட்டி வைத்துக்கொள்ளும். நம் அரசாங்கத்துக்கு அப்படி ஒரு சொத்து இருப்பதே ஞாபகத்தில் இல்லை.

இன்னொரு பக்கம் செலவுக் கணக்கைப் பாருங்கள். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம் பிறகு விரிந்து விரிந்து, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகளுக்கு என்று ஆனது. 2022-ல் மட்டும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்கள், 323 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு சைக்கிளுக்கு ஐந்தாயிரம் ரூபாய் சொச்சம். நல்ல திட்டம். இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் நிறுத்தாத சில திட்டங்களில் இதுவும் ஒன்று. இதில் எனக்குத் துளியும் கிண்டல் இல்லை.

சைக்கிளால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவிகிதம் கூடினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதாவது, தூரம்தான் அந்தப் பெண்களின் வில்லன். சைக்கிள் அதைத் தோற்கடித்தது.

சரி, சைக்கிள் கொடுத்தாயிற்று. எங்கே ஓட்டுவது?

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்துப் போனவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு. அதில் நடந்து போனவர்கள் 32,825. சைக்கிளில் போனவர்கள் சுமார் 4,800. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் மொத்தச் சாவு 17 ஆயிரத்தைத் தாண்டியது. ஐந்தாயிரம் ரூபாய் சைக்கிளைக் கையில் கொடுத்து, ‘போம்மா, மணல் லாரியும் மினி பஸ்ஸும் போகிற ரோட்டில் ஓட்டிப் பழகு’ என்று அனுப்புகிறோம். பேனா கொடுத்துவிட்டு பேப்பர் கொடுக்காத அரசாங்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாம் அதில்தான் வாழ்கிறோம்.

இந்த நேரத்தில்தான் ஊருக்கு நல்லது செய்வதாக ஒருவர் வருகிறார். கரை ரோட்டுக்குத் தார் போட்டுத் தருகிறேன் என்கிறார். பேனர் வைக்கிறார்கள். பூஜை போடுகிறார்கள். ஊரும் சந்தோஷப்படுகிறது. மண் ரோட்டுக்குத் தார் வந்தால் முன்னேற்றம் என்றுதானே நாற்பது ஐம்பது வருடமாக நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

தார் வந்தால் என்ன நடக்கும்? முதல் மாதம் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது மாதம் கார்க்காரர் குறுக்கு வழி கண்டுபிடிப்பார். மூன்றாவது மாதம் லாரி. கரை எவ்வளவு அகலம்? ஒரு லாரி அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடிப் பள்ளம். ஊர் ரோட்டிலாவது சைக்கிளை வேலியோரம் ஒதுக்கலாம். கரையில் எங்கே ஒதுங்குவது? அந்த வாரத்திலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா சொல்லிவிடுவார்: “நாளையிலேர்ந்து சைக்கிள் வேணாம்.” பஸ் இருந்தால் பஸ். பஸ் இல்லாவிட்டால்? வீடு.

சந்தேகம் இருந்தால் திருச்சியிலிருந்து கரூருக்குக் காவிரியை ஒட்டிப் போகிற ரோட்டில் ஒருமுறை சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் காவிரி அழகாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க மாட்டீர்கள். முதுகுக்குப் பின்னால் கேட்கிற ஹாரனைத்தான் கவனித்துக்கொண்டிருப்பீர்கள்.

தாரால் கரைக்கும் நல்லதில்லை. கரை என்பது மண். தண்ணீர் வரும்போது ஊறும், கோடையில் சுருங்கும். மேலே கெட்டியாகப் பூசிய தார் அதோடு சேர்ந்து அசையாது, விரிசல் விடும். அதன்மேல் கனரக வண்டி போனால் விரிசல் குழியாகும். கிராவலில் குழி விழுந்தால் இரண்டு கூடை மண், ஒரு மண்வெட்டி, அரை மணி நேரம். தாரில் குழி விழுந்தால் எஸ்டிமேட், டெண்டர், அடுத்த தேர்தல். கிராவல் ரோட்டில் கமிஷன் அடிக்க அதிகம் இடமில்லை. அதுதான் அதன் மீதான உண்மையான குற்றச்சாட்டு என்று நான் சந்தேகப்படுகிறேன்.

‘இதெல்லாம் எழுத நன்றாக இருக்கும். ஆற்றோரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வண்டி வராத பாதையை யார் காப்பாற்ற முடியும்?’ என்று கேட்பீர்கள். காப்பாற்றியிருக்கிறார்கள். காரைக் கடவுளாகக் கும்பிடுகிற அமெரிக்காவிலேயே!

அங்கே மிசௌரி என்று ஒரு மாநிலம். அதே பெயரில் ஆறு. ஆற்றங்கரையோரமாக ஒரு பழைய ரயில் பாதை. 1986-ல் வந்த வெள்ளம் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போக, ரயில் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. 1983-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்திருத்தம் செய்திருந்தது: ரயில் கம்பெனி விட்டுவிட்டுப் போகிற பாதையைத் துண்டு போட்டு விற்காமல், பின்னால் ரயிலுக்குத் தேவைப்படும் வரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வைத்துக்கொள்ளலாம் என்று. பக்கத்து நிலக்காரர்கள் கொதித்தார்கள். ரயில் போய்விட்டால் நிலம் எங்களுக்குத்தான் என்றார்கள். சைக்கிள்காரன் திருடுவான், வேலியை உடைப்பான் என்றார்கள். 1990-ல் வேறொரு மாநிலத்து வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது.

பணம்? பங்குத் தரகு கம்பெனி நடத்திய எட்வர்ட் ஜோன்ஸ் என்பவரும் அவர் மனைவி பாட்டும் 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1990-ல் முதல் துண்டு திறந்தது. 1993-ல் வந்த பெரும் வெள்ளத்தில் பாதை பலத்த சேதம். திரும்பப் போட்டார்கள். இன்றைக்கு ‘கேட்டி டிரெயில்’ என்ற அந்தப் பாதையின் நீளம் சுமார் 386 கிலோமீட்டர். அதன் மேல் போட்டிருப்பது தார் இல்லை. நொறுக்கி அமுக்கிய சுண்ணாம்புக்கல். அதாவது, அவர்கள் ஊர் கிராவல்! பாதையின் இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கிற விவசாயிக்கு டிராக்டரைக் குறுக்கே கொண்டுபோக வழி இருக்கிறது. பாதையோடு நீளமாக ஓட்டத்தான் கூடாது.

2012-ல் அந்த மாநிலம் வெளியிட்ட கணக்குப்படி வருடத்துக்கு 4 லட்சம் பேர் வருகிறார்கள். அதனால் ஆகிற பொருளாதாரப் பலன் சுமார் ஒரு கோடியே 85 லட்சம் டாலர். இந்தப் பண விவகாரத்தை நான் வேண்டுமென்றே கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஒரு வரியை மட்டும் நம் சுற்றுலாத் துறை பிடித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ‘காவிரி சைக்கிள் டூரிசம்’ என்று போர்டு, நுழைவுச்சீட்டு, செல்ஃபி பாயின்ட், பக்கத்தில் ரிசார்ட், ரிசார்ட்டுக்குப் போக காருக்குத் தார் ரோடு. ஆக, சுற்றி வந்து அதே இடம்! வெளியூர்க்காரர் வரட்டும், டீக்கடையில் நாலு டீ குடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதையின் முதல் சொந்தக்காரி கேரியரில் தங்கச்சியை வைத்துக்கொண்டு போகிறவள். மற்றவர்கள் எல்லாம் விருந்தாளி.

இனி எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன். டெல்டாவில் நாலு பேரிடம் இதைப் பேசியபோது எனக்கு விழுந்த அடிகள் இவை.

“மெட்ராஸ்ல எல்லாம் நாலு வழிச் சாலை, எங்களுக்கு மட்டும் மண் ரோடா?” நியாயமான கோபம். என் பதில்: ஊருக்குப் போகிற ரோட்டுக்கு நல்ல தார் போடச் சொல்லுங்கள், நானும் கூட வந்து கத்துகிறேன். ஆம்புலன்ஸ் வர வேண்டும், நெல் மூட்டை போக வேண்டும். ஆனால் கரை என்பது ஊரின் இரண்டாவது பாதை. முதல் பாதையை ஒழுங்காகப் போடாமல் இரண்டாவதற்குத் தார் பூசுவதுதான் ஏமாற்று.

“அறுவடை மிஷின் எப்படி வயலுக்கு இறங்கும்? கரை உடைஞ்சா மணல் மூட்டை லாரி எப்படி வரும்?” வர வேண்டும். கரையே அதற்காகத்தான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. கரையின் இரண்டு முனையிலும் இரும்பு கேட். சாவி ஒன்று நீர்வளத்துறையிடம், ஒன்று ஊராட்சியில். அறுவடைக்குத் திற, வெள்ளத்துக்குத் திற, மற்ற நாளில் பூட்டு. ரயில்வே கேட்டுக்குக் காத்து நிற்கிற ஜனங்கள்தானே நாம்? இதுவும் பழகிவிடும்.

“டிவிஎஸ் ஃபிஃப்டியை என்ன பண்ணுவீங்க?” சிரித்துக்கொண்டே கேட்டார் ஒரு டீக்கடைக்காரர். நல்ல கேள்வி. கேட்டும் கல்லும் லாரியை நிறுத்தும், காரை நிறுத்தும். சைக்கிள் நுழைகிற சந்தில் மொபெட்டும் பைக்கும் நுழையும். இந்தத் திட்டத்தில் அதிகம் எரிச்சலடையப் போகிறவர் சென்னையிலிருந்து வருகிற கார்க்காரர் அல்ல, உள்ளூர் பைக்காரர். அவரைப் போலீஸ் வைத்து நிறுத்த முடியாது. ஊர்தான் நிறுத்த வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். முதலில், பள்ளிக்கூடம் போகிற வேளையிலும் விடுகிற வேளையிலும் கரையில் என்ஜின் கூடாது என்று ஆரம்பிக்கட்டும். தன் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் போகிறாள் என்று தெரிந்தவர் சுற்றிக்கொண்டு போவார்.

கடைசிக் கேள்வி ஒரு தாய் கேட்டது. “ஆள் நடமாட்டம் இல்லாத கரையில பொம்பளைப் புள்ளைய எப்படிங்க அனுப்புறது?” இதற்கு வாய்ச்சவடாலாகப் பதில் சொல்ல நான் தயாரில்லை. கரையில் குடிக்கிறார்கள். உடைந்த பாட்டில் கிடக்கிறது. டயர் கிழிகிறதோ இல்லையோ, பயம் வருகிறது. வளைவில் தடுப்பு இல்லாத இடத்தில் தண்ணீரில் விழுகிற ஆபத்தும் உண்மை. பாதையை விட்டுவைத்தால் மட்டும் போதாதுதான். லஸ்கர் காலியிடங்களை நிரப்புங்கள். தினமும் காலையும் மாலையும் கரையில் அரசாங்கச் சட்டை போட்ட ஆள் ஒருவர் சைக்கிளில் போகட்டும். வளைவுகளில் தடுப்பு வையுங்கள். ஆனால் ஒன்று சொல்வேன் அம்மா. கரை ஆளில்லாமல் கிடப்பதால்தான் குடிகாரன் அங்கே உட்காருகிறான். அறுபது பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போகிற கரையில் பாட்டிலைத் திறக்க அவனுக்கே கூச்சமாக இருக்கும்.

நான் கனவு காண்கிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு, இதே கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேருகிற புதுக்கோட்டை மாவட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1991-ல் அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. விவசாயக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள், கல் குவாரியில் உழைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று லட்சம் பேர் வரை ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகத்துக்கே தெரிந்தது. ஆரம்பத்தில் ஆண்கள் கேலி பேசினார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடமும் குழந்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருப்பதும் அண்ணனுக்காகக் காத்திருப்பதும் அன்றோடு முடிந்தது. அந்தப் பெண்கள் எந்த எக்ஸ்பிரஸ் வேயில் ஓட்டிக் கற்றுக்கொண்டார்கள்? மண் ரோட்டில்தான்.

ஆக, சைக்கிள் ஓட்டுகிற பெண்ணை இந்த மண் ஏற்கெனவே உருவாக்கிவிட்டது. சைக்கிளை அரசாங்கம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. பாதையை நம் முன்னோர்களும் வெள்ளைக்கார என்ஜினீயர்களும் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் மிச்சம். அதில்தான் கோட்டை விடுகிறோம்.

2021 பிப்ரவரியில் பிரதமர் சென்னைக்கு வந்து கல்லணைக் கால்வாய் சீரமைப்புக்கு அடிக்கல் நாட்டினார். 2,640 கோடி ரூபாய்த் திட்டம். கால்வாய்க்கு கான்கிரீட் போடலாமா, தண்ணீர் நிலத்தில் இறங்காதே என்று விவசாயிகள் கேட்டார்கள். முக்கியமான கேள்வி. கூடவே இன்னொரு கேள்வியையும் யாராவது கேட்டிருக்க வேண்டும்: வேலை முடிந்த கரையில் யார் போகப் போகிறார்கள்? இரண்டாயிரத்து அறுநூறு கோடிக்கு வேலை நடக்கிற கரையில், இரண்டு முனைக்கு இரண்டு கேட்டும் வளைவுக்கு நாலு தடுப்புக் கட்டையும் வைக்கப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், மன்னிக்கவும், நான் படித்த அக்கவுன்டன்ஸி அதை ஒப்புக்கொள்ளாது.

கோரிக்கை நாலே நாலு. ஒன்று, ஆற்றுக் கரை, கால்வாய்க் கரைப் பாதைகளுக்கு இனிமேல் தார் கிடையாது என்று அரசு ஆணை. இரண்டு, கரைகளின் முனைகளில் பூட்டு போட்ட கேட். மூன்று, மாணவர்கள் அதிகம் சைக்கிளில் வருகிற பள்ளிகளைக் கணக்கெடுத்து அந்தப் பக்கத்துக் கரைகளுக்கு முதலில் கிராவல். நாலு, கரையைப் பார்த்துக்கொள்ள ஆள்.

இதைப் படிக்கிற நீங்கள் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ இருக்கலாம். ஆனால் உங்களில் பலருக்குச் சொந்த ஊர் ஏதோ ஓர் ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டித்தான் இருக்கும். பொங்கலுக்குப் போவீர்கள் அல்லவா? காரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு கரையில் ஏறிப் பாருங்கள். மண்ணாக இருந்தால், ஜனவரி 26 கிராம சபையில் நம் ஆட்கள் யாரையாவது எழுந்து பேசச் சொல்லிவிட்டு வாருங்கள். தார் போட்டிருந்தால், பள்ளிக்கூடம் திறந்த பிறகு காலை எட்டரை மணிக்கு அங்கே எத்தனை சைக்கிள் போகிறது என்று ஊரில் யாரையாவது எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும். அதற்கு பி.காம் தேவையில்லை.